வேட்பாளரின் சொளவு

பெரியம்மா சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றபோது அவளுக்குக் கிடைத்த சின்னம் ஏ.சி.

பீடி சுற்றுகிற வீட்டில் மின்விசிறியே ஓடாது. ஓடினால் மடியிலிருக்கும் சொளவிலிருந்து புகையிலைத் தூள் பறந்துபோகும், நனைத்து வைத்த இலை காய்ந்து முறியும். சொளவு என்பது முறம்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் அதை நெல் புடைக்க வைத்திருந்ததைவிடப் பீடி சுற்ற வைத்திருந்ததே அதிகம். சித்திரை வெயிலில்கூட விசிறியை நிறுத்திவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு, கழுத்தில் வேர்வை வழிய உட்கார்ந்து சுற்றுவார்கள். அப்படிப்பட்ட தெருவிலிருந்து போன ஒருத்திக்குத்தான் ஏ.சி. விழுந்தது. அவள் கேட்டது கத்தரிக்கோல். அதையே ஒரு வீட்டுமனைத் தரகரும் கேட்டதால் சீட்டுக் குலுக்கினார்கள். இலை வெட்டுகிறவளுக்கு ஏ.சி.யும் ஏ.சி. வைத்திருந்தவருக்குக் கத்தரிக்கோலும் போயின.

"பரவால்ல. கேக்குத சனத்துக்கு ஒரு குளுமையாவது வரட்டும்" என்றாள் பெரியம்மா.

அவள் என் அம்மாவுக்கு அக்கா. தென்காசியின் கிழக்கு ஓரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா புளியறை வழியாகக் கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டினார். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன்.

அவளை நிற்கச் சொன்னது பீடித் தொழிலாளர் சங்கம். எந்தக் கூட்டணியும் கூப்பிட்டுப் பேசாத அளவுக்குச் சின்ன சங்கம். பெண்கள் சுற்றிக்கொண்டு போகும் பீடியில் ஒரு பங்கை, கம்பெனிக்காக இலையும் தூளும் கொடுத்துப் பீடி வாங்கும் கடைக்காரர் 'கழிவு' என்று ஒதுக்குவார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது; ஒதுக்கிய பீடி திரும்பி வருவதும் கிடையாது. வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். பெரியம்மாவுக்கு முணுமுணுக்கத் தெரியாது, சத்தமாகத்தான் கேட்பாள். அந்தச் சத்தம்தான் அவளுடைய தகுதி. சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்து கேட்டபோது அவள் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"நின்னா ஜெயிப்பனா?"

"ஜெயிக்க மாட்டிய" என்றார் செயலாளர். நேர்மையான மனிதர்.

"அப்பம் எதுக்கு?"

"மைக்குல பேசலாம்லா."

பெரியம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அதோடு அவள் வேட்பாளர் ஆகிவிட்டாள்.

வேட்புமனு தாக்கல் செய்த மறுநாள் பத்திரிகையில் பெரிய கட்சிக்காரர்களின் படங்கள் வந்திருந்தன. செய்தியின் கடைசி வரியில் 'மற்றும் பலர் மனு தாக்கல் செய்தனர்' என்றிருந்தது. பெரியப்பா அந்த வரியின் கீழே பேனாவால் கோடு போட்டு, லாரியில் கண்ணாடிக்கு முன்னால் செருகிக்கொண்டார். மற்றும் பலரில் தன் மனைவியும் ஒருத்தி என்பதை அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். புளியறைச் சோதனைச் சாவடியில் தேர்தல் பறக்கும் படையிடமும் சொன்னார். அவர்கள் அதுவரை தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள்; வேட்பாளரின் கணவர் என்றதும் மூட்டை மூட்டையாக இறக்கச் சொல்லிவிட்டார்கள். கொல்லத்துக்குப் போவதற்குள் வெண்டைக்காய் வாடிப்போயிற்று.

"நான் வண்டிய எடுத்துட்டுப் போயி வாரதுக்குள்ள மந்திரி ஆயிராதே. எறக்கி ஏத்த என்னால ஆவாது" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதன் பிறகும் அவர் சொல்வதை நிறுத்தவில்லை.

ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் அம்மா சிரிக்கவில்லை. அவளுடைய கவலை அட்டையைப் பற்றியது. பீடிக் கம்பெனி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தது. பி.எஃப்., ஓய்வூதியம், பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி எல்லாம் அந்த அட்டையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நாள் தவறாமல் கடையில் பீடி போட வேண்டும். தொடர்ந்து போடாமல் விட்டால் அட்டையை வெட்டிவிடுவார்கள். திரும்ப வாங்கினாலும் பழைய சர்வீஸ் போனது போனதுதான். பெரியம்மாவின் அட்டை என்னைவிட வயதில் மூத்தது. பிள்ளை இல்லாதவள் கடைசிக் காலத்துக்கு நம்பியிருந்தது அதை ஒன்றைத்தான். அவளை வெட்டிவிட ஒரு காரணம் கிடைக்காதா என்று கடைக்காரர் காத்திருந்தது தெருவுக்கே தெரியும்.

ஓட்டும் கேட்டுப் பீடியும் சுற்ற முடியாது. பெரியம்மா முடியும் என்றுதான் சொன்னாள். முதல் நாள் பிரசாரம் முடிந்து வந்து சொளவை மடியில் வைத்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அம்மா அவள் மடியிலிருந்து சொளவை எடுத்தாள். மறுநாள் காலையில் வீடு வீடாகப் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்து, பெரியம்மாவின் இலையையும் தூளையும் கூறு கூறாகப் பிரித்தாள். ஒவ்வொரு கூறுக்கும் கொஞ்சம் பச்சை நூல். எந்தக் கூறு எந்த வீட்டுக்கு என்று சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

அந்தக் கோடை முழுக்க என் வேலை அதுதான். காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பொழுது சாய்கையில் சுற்றிய பீடியை வாங்கி வருவேன். யாரும் முடியாது என்று சொன்னதில்லை. தங்களுக்கு உள்ளதைச் சுற்றி முடிக்கவே நேரம் போதாத பெண்கள் அவர்கள். "மைனி பேச்சு நேத்து கேட்டியாட்டி? பஸ் ஸ்டாண்டு பக்கம் மைக்குல பேசுனாவளாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சாம்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டே என் கையிலிருந்து கூறை வாங்கித் தங்கள் சொளவின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். தெருவில் எல்லோருக்கும் பெரியம்மா மைனிதான், அண்ணி முறை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பீடியைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடலாம். ஒருத்தி இறுக்கிச் சுற்றுவாள், ஒருத்தி வால்பக்கத்தை ஊசியாக்குவாள். எல்லாவற்றையும்விடக் காட்டிக்கொடுப்பது அகன்ற முனையை உள்ளே மடக்கி மூடுகிற விதம். பெரியம்மாவின் மடிப்பு சின்னதாக, பூ மொட்டுபோல இருக்கும். அவள் வீட்டிலேயே வளர்ந்ததால் எனக்கும் அந்த மடிப்புதான் வரும். ஆகவே எல்லா வீட்டிலும் முனையை மூடாமல் விட்டுவிடுவார்கள். நானும் அம்மாவும் உட்கார்ந்து மடக்குவோம்; அம்மாவின் மடிப்பு பொருந்தாமல் போனதால் கடைசியில் நான் மட்டும் மடக்கினேன். பல வீட்டுப் பீடி என் நகத்தின் வழியாகப் பெரியம்மாவின் பீடியாகியது. அம்மா அதைக் கட்டாகக் கட்டிக் கடையில் போட்டுவிட்டு வருவாள்.

காலையில் இலை கொடுத்து முடித்த பிறகு நான் பிரசார ஆட்டோவில் ஏறிக்கொள்வேன். முன்னால் டிரைவர், பின்னால் பெரியம்மா, செயலாளர், நான், மேலே ஒலிபெருக்கி. ஒருநாள் குற்றாலத்துக்குப் போனோம். சீசனுக்கு இன்னும் நாள் இருந்தது. மெயின் அருவி பாறையில் ஈரக்கோடாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழக்கடைகளில் பாதி சாக்கு போட்டு மூடிக் கிடந்தன. எண்ணெய் தேய்த்து விடுகிறவர்கள் வேலையில்லாமல் படிக்கட்டில் சீட்டு விளையாடினார்கள். பெரியம்மா மைக்கை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவர்கள் நடுவிலேயே போய் உட்கார்ந்தாள்.

"நீங்க ஜெயிச்சா அருவில தண்ணி வருமாக்கா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆனி பொறந்தா தானா வரும். அதுக்கு எதுக்கு எம்.எல்.ஏ.? வந்த தண்ணி எங்க தெருக் கொழாய்க்கு வரணும், அதுக்குத்தான் கேக்குதேன்."

"எங்களுக்கு என்ன செய்விய?"

"சீசன் இல்லாத மாசத்துக்குச் சோத்துக்கு வழி கேப்பேன். உமக்கும் எனக்கும் கைதான தொழிலு. கைக்கு வேல இல்லாட்டா வாய்க்கும் இல்ல."

அவர் சீட்டைக் கீழே வைத்தார். பெரியம்மா துண்டு நோட்டீஸை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே அவள் விரல்கள் அதைச் சுற்றிவிட்டிருந்தன. ஒரு முனை கூர்மை, மறுமுனை அகலம். தொகுதி முழுக்க அவள் நோட்டீஸ் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. செயலாளர் பலமுறை சொல்லிப் பார்த்தார். "என்னைக் கேட்டா செய்யுது?" என்று அவள் தன் கையை நீட்டிக் காட்டுவாள். எண்ணெய் தேய்க்கிறவர் அதைக் காதில் செருகிக்கொண்டார். ஒரு குரங்கு வந்து இன்னொன்றைப் பறித்து, பிரித்து, உள்ளே கடலை இல்லை என்றதும் பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

திரும்பும்போது செங்கோட்டைச் சாலையில் நல்ல கூட்டம் கிடைத்தது. ஒரு டீக்கடை முன்னால் பெரியம்மா தண்ணீர் முதல் கழிவு வரை எல்லாம் பேசினாள். ஒரு பெரியவர் கடைசி வரை தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும் அருகில் வந்து, "நல்லாப் பேசுதிய தாயி. ஆனா இங்கன வேற தொகுதில்லா" என்றார். எந்த இடத்தில் எல்லையைத் தாண்டினோம் என்று செயலாளருக்கும் தெரியவில்லை. பெரியம்மா அசரவில்லை. "கேட்டியள்லா, அது போதும். இங்கன நிக்கித ஆளுகிட்ட இதையே கேளுங்க" என்றாள். அவர்கள் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் இருக்கும்போதுதான் அந்த மின்வெட்டு வந்தது. தெருவின் கடைசியில், தாழ்வான பக்கம் இருந்த வீட்டை நாங்கள் கீழவீடு என்போம். கீழவீட்டு அக்கா வேறொரு கம்பெனிக்குச் சுற்றுகிறவள். அவள் கம்பெனியின் நூல் நீலம், பெரியம்மாவுடையது பச்சை. பகலில் அவளுக்கு நேரம் கிடைக்காது. அவள் வீட்டுக்காரர் ஒரு பெரிய கட்சியின் வாக்குச்சாவடி முகவர். வீட்டு முன்னால் கொடி பறந்தது, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி போட வேண்டியிருந்தது. அன்றைக்கு எங்கள் கூறைச் சுற்றி நூல் கட்டுகிற நேரத்தில் கரண்ட் போயிற்று. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் ஒன்றுதான். அவள் கை பழக்கத்தில் எட்டி எடுத்தது தன் நூலை. நாங்களும் அதே இருட்டில் மடக்கி, அதே இருட்டில் கட்டினோம்.

மறுநாள் காலையில் அம்மாவோடு நானும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கம்பெனிக்கும் தெருவுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் ஏச்சு வாங்குகிற மனிதர். எங்கள் முறை வந்தது. ஒரு கட்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். இன்னொன்றை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நான் பச்சை நூலுல்லா குடுத்தேன்."

"நேத்து கரண்டு இல்ல அண்ணாச்சி" என்றாள் அம்மா.

"கரண்டு போனா நூலு நெறம் மாறுமாம்மா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. பெரியம்மாவின் அட்டையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். "ஒங்கக்காவ வரச் சொல்லு. இது யாரு கைன்னு அவளே வந்து சொல்லட்டும்" என்றார்.

நான் கடைவீதி வரைக்கும் ஓடினேன். பெரியம்மா காய்கறி மார்க்கெட் வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் கேட்கவில்லை, ஆட்டோவில் ஏறினாள். டிரைவருக்குப் பதற்றத்தில் ஒலிபெருக்கியை நிறுத்த மறந்துபோயிற்று. 'உங்கள் சின்னம் ஏ.சி., உங்கள் சின்னம் ஏ.சி.' என்று கத்திக்கொண்டே ஆட்டோ பீடிக்கடை வாசலில் வந்து நின்றது. பெரியம்மா தோளில் கிடந்த சங்கத்துத் துண்டை மடித்து சீட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இது ஒங்கையா?" அண்ணாச்சி கட்டை நீட்டினார்.

அம்மா பெரியம்மாவின் இடுப்பில் கிள்ளியதை நான் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மடிப்பு அவளுடையதாகத்தான் இருந்தது.

"இல்ல அண்ணாச்சி. எங்கை ரெண்டும்தான் ஊரெல்லாம் கும்புட்டுக்கிட்டு அலையுதே. இது தெருவுல உள்ளவ சுத்துனது."

"மைக்குல எங்கடையப் பத்திப் பேசுதியாம்."

"கழிவப் பத்திப் பேசுதேன். உம்ம பேரச் சொல்லலியே."

"கழிவுன்னா யாருன்னு தென்காசிக்குத் தெரியாதாக்கும்." அவர் குரல் ஏறவில்லை. "அட்ட ஒம்பேருல இருக்கு, கை வேற கை. நான் கம்பெனிக்கு எழுதி அனுப்பிருதேன். பொறவு என்ன ஏசப்புடாது."

மேசை ஓரத்தில் வெட்டிய பீடி இலை ஒன்று கிடந்தது. பெரியம்மா அதை எடுத்து, தூள் இல்லாமலே சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள். பிறகு, "எழுதும். எலையிலயும் தூள்லயும் ஒண்ணும் கொறையலன்னு அதையும் சேத்து எழுதும்" என்றாள்.

அப்போது வரிசையில் இரண்டாவதாக நின்ற ஒருத்தி முன்னால் வந்தாள். குழாயடிச் சண்டை ஒன்றில் பெரியம்மாவோடு பேச்சை நிறுத்தி, அதன் பிறகு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவள். அன்றைக்கும் அவள் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. தன் கட்டுகளை மேசைமேல் வைத்தாள்.

"எங்கட்டையும் எழுதிக்கிடும் அண்ணாச்சி. இதுல பாதி எம்மருமவ சுத்துனது. எனக்குக் கண்ணு தெரியல."

"ஒன்னைய இப்பம் கேட்டனா?"

"கை சொல்லச் சொன்னீரே, சொல்லுதேன்."

பின்னாலிருந்து இன்னொருத்தி கூடையைத் தூக்கிக் காட்டினாள். "இது எம்மவ, காலேஜு லீவுக்கு வந்தவ சுத்துனது." அவளுக்குப் பக்கத்தில் நின்றவள், "எங்கட்டுல எங்க வீட்டு ஆம்பள சுத்துனதும் கெடக்கு. வெளியில சொல்லிராதிய, அவிய தூக்கு மாட்டிக்கிடுவாவ" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. மேசைமேல் கட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அண்ணாச்சியின் முகம் அந்தக் குவியலுக்குப் பின்னால் மறையத் தொடங்கியது.

"ஏட்டி, வெளையாடுதியளா? மத்தியானம் கம்பெனி வண்டி வந்துரும்."

"வரட்டும். எல்லாத்தையும் கழிவுன்னு சொல்லி வெறும் வண்டியா அனுப்பும்" என்றாள் பேச்சை நிறுத்தியவள்.

அந்தக் கடையில் ஒரு கை மட்டும் சுற்றிய கட்டு ஒன்றுகூட இல்லை என்பது அவருக்கும் தெரிந்ததுதான். அது யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை நடந்துகொண்டிருந்த விஷயம். அவர் வாசலைப் பார்த்தார். ஆட்டோ இன்னும் ஏ.சி., ஏ.சி. என்று சொல்லிக்கொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்து அட்டையை மேசைமேல் தள்ளினார்.

"நீல நூல மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வையி. முதல்ல அந்த ரேடியாவ நிறுத்தச் சொல்லு." பிறகு, தோற்றதாகத் தெரியக் கூடாது என்பதற்காக, "ஜெயிச்சேன்னா முத வேலையா எங்கடைக்கு ஒரு ஏ.சி. வாங்கித் தரணும்" என்றார்.

"தூளு பறக்குமே அண்ணாச்சி" என்றாள் பெரியம்மா.

அன்றும் மறுநாளும் நான் தெருவில் நடந்தது வெற்றி பெற்ற கட்சிக்காரியின் நடை. பீடிக்கடையே இப்படி என்றால் சட்டசபை எம்மாத்திரம் என்று நினைத்தேன். வாக்குப்பதிவு அன்று எங்கள் தெருப் பெண்கள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொருத்தியும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வொரு சிரிப்பையும் ஓர் ஓட்டாக எடுத்துக்கொண்டேன்.

வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் செயலாளர் வந்தார். டெபாசிட் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சங்கம் அதை முதலிலேயே போனதாக எழுதிவிட்டிருந்தது. அவர் வாக்குச்சாவடி வாரியாகச் சொல்லிக்கொண்டு போனார். குற்றாலத்தில் எதிர்பாராத அளவுக்கு விழுந்திருந்தது. படிக்கட்டில் சீட்டாடியவர்கள் பெரியம்மாவை மறக்கவில்லை. கடைசியில், சொல்லலாமா என்று தயங்கி, எங்கள் பள்ளிக்கூடத்துச் சாவடியைச் சொன்னார். நான் இலை கொண்டுபோன வீடுகளைவிட அது குறைவு. அம்மா, பெரியம்மா, பெரியப்பா, அப்பா என்று கழித்துப் பார்த்தால் மிச்சம் மிகவும் கொஞ்சம்.

"சரி" என்றாள் பெரியம்மா. "நன்றி சொல்லப் போவணும்."

ஜெயித்தாலும் தோற்றாலும் வேட்பாளர்கள் நன்றி சொல்லிச் சுற்றி வருவது வழக்கம். ஜெயித்தவர் திறந்த ஜீப்பில் மாலையோடு போய்க்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு ஆட்டோவும் இல்லை. டிரைவர் சவாரிக்குத் திரும்பிவிட்டார். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். எனக்கு விருப்பமே இல்லை. யாருக்கு எதற்கு நன்றி என்று கேட்டேன். "பேசாம வாட்டி" என்றாள்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்தது. பெரியம்மா வாசலில் நின்று கும்பிட மாட்டாள். உள்ளே போய் உட்காருவாள். அந்த வீட்டுக்காரி எழுந்திருக்கவும் முடியாமல், நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் சொளவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியம்மா அந்தச் சொளவைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்து ஓர் இலையை எடுப்பாள். இரண்டு பேரும் ஒரே சொளவிலிருந்து சுற்றுவார்கள். பேச்சு தண்ணீர், விலைவாசி, யார் மகளுக்கு எங்கே மாப்பிள்ளை என்று போகும். ஒரு கைப்பிடி பீடி ஆனதும் எழுந்து, "சரி, வாரேன்" என்பாள். நன்றி என்ற சொல் அவள் வாயிலிருந்து ஒரு வீட்டிலும் வரவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு பெண்ணையும் முறைத்துப் பார்த்தேன்.

கடைசியாகக் கீழவீடு. கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, "எங்க வீட்டு ஓட்டு ரெண்டும் ஒனக்குத்தான் தங்கச்சி போட்டோம். ஊர்க்காரன் ஏமாத்திட்டான்" என்றார். வேறொரு கட்சியின் முகவராகச் சாவடிக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த மனிதர்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் பெரியம்மா, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். அக்கா தலையைக் குனிந்தபடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கைவேகம் கூடியிருந்தது. பெரியம்மா எதிரே உட்கார்ந்து சொளவை இழுத்துக்கொண்டாள். நீல நூல். நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்க அன்னைக்கு என்னையக் காட்டிக்குடுத்திருக்கலாம் மைனி. நூலு எங்கம்பெனி நூலுன்னு."

"யாரு கேட்டா?"

அக்கா அடுத்த பீடிக்கு நூல் கட்டினாள். பிறகு, இன்னும் நிமிராமல், "அடுத்த தடவையும் நிப்பியளா?" என்று கேட்டாள்.

"நீ சுத்துவியா?"

"சுத்தாம?"

"அப்பம் நிக்க வேண்டியதுதான்."

அக்கா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. தூள் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு வேறொரு கவலை. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வியைப் பெரியம்மா மறந்துவிட்டாள். அடுத்த தடவை ஓட்டு யாருக்கு என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா? அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பவில்லை. இன்னொரு முறை பலமாக இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, சொளவிலிருந்து அடுத்த இலையை எடுத்தாள்.